விசிலுக்குப் போட்ட ஊசி

தையல் அக்காவின் கடைக்கு அளவு கொடுக்க வந்தாலும் சரி, தைத்ததை வாங்க வந்தாலும் சரி, அவள் தம்பியைப் பற்றி நாலு வார்த்தை கேட்காமல் யாரும் திரும்பிப் போக முடியாது. வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டே சொல்வாள்: "எங்க தம்பி விசில் அடிச்சாத்தான் அந்த ஆஸ்பத்திரியில கத்தியே எடுப்பாங்க."

கேட்டவர்கள் சிரிப்பார்கள். அக்கா சிரிக்க மாட்டாள். அவள் சொன்னதில் நூலளவுகூட மிகை கிடையாது.

தம்பி அந்த ஆஸ்பத்திரியின் வாசல் காவலாளி. சிறுவயதில் தெருப் பையன்கள் பந்து விளையாடும்போது எந்தப் பக்கமும் அவனைச் சேர்த்துக்கொள்ளாது. ஓடினால் மூச்சு வாங்கும். உதைத்தால் பந்து நிற்கும், செருப்பு பறக்கும். ஒருநாள் எங்கிருந்தோ ஒரு விசிலைக் கொண்டுவந்து நடுவில் நின்றுகொண்டான். ஆட்டத்தின் விதி ஒன்றுகூட அவனுக்குத் தெரியாது. ஆனால் விசில் அவனிடம் இருந்தது. இரண்டு பக்கமும் வாயை மூடிக்கொண்டு அவன் சொன்னதைக் கேட்டது. பள்ளிக்கூடத்தில் படித்த பாடம் எதுவும் அவன் தலையில் நிற்கவில்லை. இந்தப் பாடம் மட்டும் நன்றாக நின்றுவிட்டது.

அதன்பிறகு எந்த வேலைக்குப் போனாலும் விசில் உண்டா என்று பார்த்துத்தான் போனான். பஸ்ஸில் கிளீனராக இருந்தபோது நிறுத்தம் இல்லாத இடத்திலெல்லாம் விசில் அடித்து நிறுத்தியதால், டிரைவர் ஒருநாள் நிறுத்தமே இல்லாத இடத்தில் அவனை இறக்கிவிட்டுப் போனார். நீச்சல் குளத்தில் காவலுக்கு நின்றபோது தண்ணீரில் கால் வைத்தவர்களுக்கெல்லாம் விசில் அடித்தான். ஒரு பருவம் முழுக்க அங்கே யாரும் மூழ்கவில்லை. யாரும் நீந்தவும் இல்லை. "ஒரு உயிர் போகல பாருங்க, என் தம்பி இருந்தவரைக்கும்" என்று அக்கா அதையும் பெருமையாகத்தான் சொல்வாள்.

ஆஸ்பத்திரி வேலை கிடைத்தபோது அவர்கள் கொடுத்த சீருடையில் இவனைப்போல இரண்டு பேர் நுழையலாம். அக்கா அதை முழுக்கப் பிரித்து, துவைத்து, இஸ்திரி போட்டு, மறுபடி வெட்டித் தைத்தாள். தோளுக்குப் பட்டி வைத்தாள். இடது தோளிலிருந்து பைக்கு வரும் விசில் கயிற்றுக்குத் தனியாக ஒரு காது வைத்து, பிரிந்துவிடாதபடி அதில் இரட்டைத் தையல் ஓட்டினாள். அவள் கணவர், கடையில் பட்டன் வைப்பதும் இஸ்திரி போடுவதும் அவர் வேலை, பேச்சு குறைவான மனிதர், மைத்துனனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "போர் எப்ப மாப்ளே?" என்று மட்டும் கேட்டார்.

விசிலுக்கும் கத்திக்கும் முடிச்சு விழுந்த கதையைத் தம்பி ஆயிரம் முறை சொல்லி, அக்காவுக்கு மனப்பாடம். முன்பெல்லாம் ஆபரேஷனுக்கு முன்னால் போடவேண்டிய ஆன்டிபயாடிக் ஊசியை, வார்டில் விடிந்ததும் போட்டுவிடுவார்கள். காய்ச்சல் பார்க்கும்போதே அதையும் குத்திவிட்டால் வேலை முடிந்தது. பெரிய டாக்டரோ, மத்தியானப் பசி எட்டிப் பார்க்கிற நேரத்தில்தான் கத்தியைத் தொடுவார். அதற்குள் மருந்து வந்த வழியே தெரியாமல் உடம்பைவிட்டு வெளியேறியிருக்கும். வெட்டிய இடத்தில் சீழ் பிடித்தது. ஒருவர் இருவர் என்றால் 'அவங்க உடம்பு வாகு' என்று சமாளிக்கலாம். வார்டே நாறத் தொடங்கியதும் மேலிடத்திலிருந்து ஆய்வுக்கு ஆள் வந்தது. வெட்டுவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் ஊசி போடவேண்டும், அந்த ஒரு ஊசியே போதும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

உடனே தொற்றுத் தடுப்புக் கமிட்டி கூடியது. வெட்டுவது எப்போது என்று யாருக்குத் தெரியும் என்று முதலில் யோசித்தார்கள். பெரிய டாக்டருக்குத் தெரியும். பெரிய டாக்டர் எப்போது வருவார் என்று யாருக்குத் தெரியும்? அது பெரிய டாக்டருக்கே தெரியாது.

மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா, வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகாதவள், கையைத் தூக்கினாள். "மருந்தை ஆபரேஷன் தியேட்டர்லயே வையுங்க. மயக்கம் கொடுக்குறப்ப நானே போட்டுடறேன்."

வார்டுப் பெரிய சிஸ்டர் இடுப்புச் சாவிக்கொத்தைப் பிடித்துக்கொண்டாள். "மருந்து அலமாரி வார்டோடது. நான் இருக்கறவரைக்கும் அது வார்டைத் தாண்டாது." தியேட்டர் சிஸ்டர், "ஆள் தலையில தொப்பி மாட்டின பிறகுதான் எங்க பொறுப்பு. அதுக்கு முன்னாடி போடுற ஊசி எங்களுக்கு எதுக்கு?" என்றாள். பெரிய டாக்டர், "சின்னப் பொண்ணு, உட்காரும்மா" என்று டாக்டரம்மாவை உட்கார வைத்தார்.

அப்போது வாசலில் நிர்வாகியின் கார் நுழைந்தது. தம்பி காற்றைக் கிழித்துக்கொண்டு ஒரு விசில் அடித்தான். கமிட்டி மொத்தமும் ஜன்னல் பக்கம் திரும்பியது. எல்லார் முகத்திலும் ஒரே நேரத்தில் விளக்கு எரிந்தது.

பெரிய டாக்டரின் கார் வாசலில் நுழைந்ததும் நீளமாக ஒரு விசில். விசில் கேட்டதும் வார்டில் ஊசி. அப்படித்தான் அந்த உத்தரவு பிறந்தது. சாவி வார்டிலேயே இருந்தது, தொப்பி தியேட்டரிலேயே இருந்தது, யாருக்கும் ஒரு குறையும் இல்லை. தம்பிக்குத் தலைகால் புரியவில்லை. அன்று அக்கா கடையில் வாடிக்கையாளர்களுக்கெல்லாம் டீ.

முதல் வாரம் எல்லாம் ஒழுங்காக நடந்தது என்றுதான் சொல்லவேண்டும். ஆய்வுக்கு வந்தவர்கள் மறுபடி வந்துவிடுவார்களோ என்ற பயத்தில் பெரிய டாக்டர் காரைவிட்டு இறங்கியதும் நேரே தியேட்டருக்குப் போனார். பயம் தெளிந்ததும் பழைய நடை திரும்பியது. காரைவிட்டு இறங்குவார். அறைக்குப் போய் டீ குடிப்பார். வார்டைச் சுற்றுவார். மருந்துக் கம்பெனிக்காரர்களைப் பார்ப்பார். போனில் மகளோடு பேசுவார். ஊசி போட்ட நோயாளிகள் ஸ்ட்ரெச்சரில் படுத்து மேலே மின்விசிறி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மறுபடி சீழ் வந்தது. கமிட்டி கூடி விசாரித்தது. விசிலுக்குச் சரியாக ஊசி போட்டார்களா? போட்டார்கள். அப்படியானால் குறை மருந்தில்தான் இருக்கவேண்டும். ஆபரேஷனுக்குப் பிறகு ஐந்து நாள் மாத்திரை சேர்த்தார்கள். அப்புறம் அது பத்து நாளாயிற்று. ஒரு ஊசியில் முடிகிற காரியத்துக்கு ஒரு பை நிறைய மாத்திரை. கிருமிகள் அந்த மாத்திரைகளோடு பழகிப்பழகி, சொந்தக்காரர்கள் மாதிரி ஆகிவிட்டன.

ஒருமுறை பெரிய டாக்டரின் கார் ரிப்பேருக்குப் போயிருந்தது. வேலை முடிந்து மெக்கானிக் அதை ஓட்டிக்கொண்டு வந்தான். தம்பி விறைப்பாக நின்று நீளமாக விசில் அடித்தான். வார்டில் காத்திருந்த எல்லோருக்கும் ஊசி இறங்கியது. பெரிய டாக்டர் அன்றைக்கு வெளியூரில் ஒரு மாநாட்டில், தொற்றுத் தடுப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். நோயாளிகள் கை வலியோடு வீட்டுக்குப் போனார்கள்.

அக்காவின் கணவர் இதைக் கேள்விப்பட்டு, "ஏன் மாப்ளே, உள்ள இருக்கறது யாருன்னு பாக்க மாட்டியா?" என்றார்.

"எனக்குக் கொடுத்த உத்தரவு காருக்கு மாமா. ஆளுக்கு இல்ல."

"சரியாத்தானே சொல்றான்" என்றாள் அக்கா. அவளுக்குத் தம்பி என்றால் தம்பிதான்.

அவளுக்கே வயிற்றில் ஒன்று வரும்வரை அப்படித்தான் இருந்தது.

தையல் மெஷினை இடம் மாற்றுகிறேன் என்று ஒற்றை ஆளாகத் தூக்கினாள். தொப்புளுக்கு மேலே எலுமிச்சம்பழம் போல ஒன்று புடைத்துக்கொண்டது. குடலிறக்கம் என்றார் பெரிய டாக்டர். சதை கிழிந்த இடத்தை இழுத்துத் தைத்து, உள்ளே வலைத்துணி ஒன்றை வைத்து மூடவேண்டும். அக்காவுக்கு இது உடனே புரிந்தது. முட்டி கிழிந்த கால்சட்டைகளுக்கு அவள் போட்ட ஒட்டுக்குக் கணக்கே கிடையாது. "உள்பக்கமா ஒட்டுப் போடுவாங்களாம். அதுதான் உழைக்கும்" என்று கடையில் எல்லோருக்கும் விளக்கிச் சொன்னாள். "அதுவும் என் தம்பி விசிலுக்கு!"

ஆபரேஷனுக்கு முந்தின நாள் காலையில் வார்டில் சேர்ந்தாள். தம்பி வாசலைவிட்டு ஓடிவந்து அவள் பையை வாங்கிக்கொண்டு, கட்டில் கட்டிலாக, "எங்க அக்கா, எங்க அக்கா" என்று அறிமுகப்படுத்திவிட்டுப் போனான். ஜன்னலோரக் கட்டில். தலையணை உறையின் ஓரம் கோணலாக மடித்துத் தைத்திருந்தது. அதைத் திருப்பிப் போட்டுவிட்டுத்தான் அக்கா தலையைச் சாய்த்தாள்.

பக்கத்துக் கட்டிலில் பேக்கரியில் மாவு பிசையும் ஒரு பெண் படுத்திருந்தாள். இவளுக்கு வந்த அதே குடலிறக்கம், அதே வலைத்துணி. கட்டு மாற்ற வந்தபோது, அக்கா பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்துவிட்டாள். தையல் வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. நாற்றம் ஜன்னலைத் தாண்டிப் போக மனமில்லாமல் அங்கேயே நின்றது.

"வலையில சீழ் புடிச்சிடுச்சாம்" என்றாள் பேக்கரிக்காரி, மேலே பார்த்தபடி. "மறுபடி கிழிச்சு அதை வெளிய எடுக்கணுமாம். எடுத்தா மறுபடி பழையபடி தள்ளும். மாத்திரை தின்னு தின்னு நாக்கு செத்துப்போச்சு."

"ஊசி போடலையா உங்களுக்கு, முன்னாடி?"

"போட்டாங்களே. கேட்டுல ஒரு கிறுக்கன் விசில் அடிப்பான். அடிச்சதும் ஓடிவந்து குத்திட்டுப் போனாங்க. அப்புறம் வராண்டாவுல கிடந்தேன், கிடந்தேன்... என் பாட்டுக்கு ரெண்டு கனவு கண்டு முடிச்ச பிறகுதான் உள்ள இழுத்துட்டுப் போனாங்க."

அந்தக் கிறுக்கன் பத்து நிமிஷத்துக்கு முன்னால்தான் இந்தக் கட்டிலுக்கு எதிரே நின்று 'எங்க அக்கா' என்று பல்லைக் காட்டிவிட்டுப் போயிருந்தான். பேக்கரிக்காரி அப்போது கண்ணை மூடிப் படுத்திருந்தாள். அதுவரைக்கும் நல்லது.

மத்தியானம் மயக்க டாக்டரம்மா நாடியும் ரத்த அழுத்தமும் பார்க்க வந்தாள். அக்கா சுற்றி வளைக்காமல் கேட்டாள்.

"டாக்டரம்மா, அந்த ஊசி எப்பப் போடணும்?"

டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தாள். இதை ஒருவர் கேட்கமாட்டாரா என்று நெடுநாளாகக் காத்திருந்த முகம் அது. "கத்தி படுறப்ப மருந்து உங்க ரத்தத்துல, சதையில நிறைஞ்சு நிக்கணும். அதனால வெட்டுறதுக்குக் கொஞ்சம் முன்னாடி. முன்கூட்டியே போட்டுட்டு வராண்டாவுல படுக்க வச்சா மருந்து குறைஞ்சுடும். வெட்டின பிறகு பத்து நாள் கொடுத்தாலும் அந்த ஓட்டையை அடைக்க முடியாது."

"இது பெரிய டாக்டருக்குத் தெரியாதா?"

"நல்லாத் தெரியும். இதைப் பத்தி ஊர் ஊராப் போய்ப் பேசுறாரு. எல்லாருக்கும் தெரியும்மா. சாவியும் தொப்பியும்தான் தடுக்குது." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "உங்க தம்பிகிட்டகூடச் சொன்னேன். கார் வந்ததும் அடிக்காதீங்க, டாக்டர் தியேட்டருக்குக் கிளம்பினதும் அடிங்கன்னு. 'அது கமிட்டி உத்தரவு டாக்டரம்மா'ன்னு சல்யூட் அடிச்சுட்டுப் போயிட்டாரு."

அக்காவுக்கு முகம் சுண்டிப்போனது. பெருமை என்று அவள் இத்தனை நாள் கடையில் விரித்துப் போட்டிருந்த துணி, திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் முழுக்க முடிச்சும் பிசிறுமாக இருந்தது.

சாயங்காலம் பார்வையாளர் நேரத்தில் தம்பி வந்தான். தலையில் தொப்பி, தோளில் கயிறு.

"நாளைக்கு உனக்கு அடிக்கிற விசில் எப்படி இருக்கப் போவுதுன்னு பாருக்கா. தெருமுனைக்குக் கேக்கும்."

"நாளைக்குக் கார் வந்தா நீ விசில் அடிக்கக் கூடாது."

தம்பி சிரித்தான். அக்கா சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினான்.

"என்னக்கா சொல்ற? நான் அடிக்கலன்னா உனக்கு ஊசியே போடமாட்டாங்க."

"அவரு டீ குடிச்சு, ஊர்க்கதை பேசி, உள்ள போய்க் கையக் கழுவுறப்ப அடி. அதுவரைக்கும் வாயில வைக்காத."

"கையக் கழுவுறது மாடியில. நான் இருக்கறது கேட்டுல. எனக்கென்ன கழுத்து அவ்வளவு நீளமா?"

"ஏறி வா."

"கேட்டை யாரு பாக்குறது? வேலை போயிடும்க்கா! அந்தக் குட்டி டாக்டரம்மா உன்கிட்டயும் ஓதிட்டாங்களா? அவங்களுக்கு என் விசில் மேல ஒரு கண்ணு. நான் அடிச்சு இங்க எல்லாம் நடக்குதேன்னு பொறாமை."

"பக்கத்துக் கட்டிலைப் பாருடா" என்றாள் அக்கா, அவன் காதுக்கு மட்டும் கேட்கும்படி.

"எதுக்கு?"

"உன் விசில்தான் அது. பாரு."

அவன் பார்த்தான். அந்த நேரத்தில், வலியில் கண்ணை இறுக மூடி முனகிக்கொண்டிருந்த பேக்கரிக்காரிக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தார்கள். தம்பி நீச்சல் குளத்தில்கூட யாரும் மூழ்கிப் பார்த்ததில்லை. தொப்பியைக் கழற்றி மூக்கைப் பொத்திக்கொண்டான்.

"அது... அவங்க உடம்பு வாகா இருக்கும்" என்றான், தொப்பிக்குள்ளிருந்து.

"எனக்கும் அதே வாகுதான். என் வயித்துக்குள்ளயும் வலைத்துணிதான் வைக்கப்போறாங்க. அதுல சீழ் புடிச்சா மறுபடி அறுத்து எடுப்பாங்க. அப்புறம் நான் மெஷின்ல உக்காந்து மிதிக்கிறதை மறந்துட வேண்டியதுதான். உனக்கு விசில் பெருசா, நான் பெருசா?"

அவன் விசில் கயிற்றைத் தடவினான். அவள் இரட்டைத் தையல் போட்ட இடம்.

"நீ எப்பவும் இப்படித்தான்க்கா" என்றான் கடைசியில். "நான் ஒரு நல்ல நிலைமைக்கு வந்தா உனக்குப் பொறுக்காது." தொப்பியை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டான்.

அவன் எந்தக் காரியத்தையும் அரைகுறையாக விட்டதில்லை, ஆனால் எந்தக் காரியத்தைச் செய்வான் என்று மட்டும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதை நினைத்துக்கொண்டே அக்கா தூங்கிப்போனாள்.

மறுநாள் காலை ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்து, தியேட்டருக்கு வெளியே, வார்டின் எல்லையான வராண்டாவில் நிறுத்தினார்கள். கைநரம்பில் குழாய் ஏற்றியிருந்தது. பெரிய சிஸ்டர் ஊசியில் மருந்தை நிரப்பித் தட்டில் வைத்துக்கொண்டு, காதைத் தீட்டியபடி பக்கத்தில் நின்றாள். மருந்து ஒத்துக்கொள்கிறதா என்று முந்தின நாளே சோதித்தாயிற்று. இனி விசில்தான் பாக்கி. அக்காவின் கண் ஜன்னலில் இருந்தது. இனிமேல் எல்லாம் அந்தப் பயல் கையில். கையில்கூட இல்லை, வாயில்.

கீழே கார் சத்தம் கேட்டது. கதவு சாத்துகிற சத்தம். அக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

விசில் வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் வராண்டாவின் அந்தக் கோடியிலிருந்து பெரிய டாக்டர் நடந்து வந்தார். பெரிய சிஸ்டர் நேராக நிமிர்ந்து, "குட் மார்னிங் சார்" என்றாள். அவர் தலையசைத்துவிட்டுக் கடந்து போனார். பெரிய சிஸ்டர் அக்காவிடம் குனிந்து, "கொஞ்சம் பொறுத்துக்கம்மா, டாக்டர் இன்னும் வரல" என்றாள்.

அக்கா ஜன்னலை விட்டு வராண்டாப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

டாக்டருக்கு நாலு அடி பின்னால், மார்பை நிமிர்த்தி, இடதும் வலதும் பார்த்தபடி தம்பி வந்துகொண்டிருந்தான். அக்காவைக் கடக்கும்போது முகத்தைத் திருப்பவில்லை. கண்ணை மட்டும் ஒருமுறை சிமிட்டினான். கோபம் இன்னும் போகவில்லை என்பதும் அதில் தெரிந்தது.

டாக்டர் அறை வாசலில் திரும்பினார். "கேட்டை விட்டுட்டு இங்க என்னய்யா?"

"பாதுகாப்பு சார்."

"யாருக்கு?"

"உங்களுக்குத்தான் சார்."

பெரிய டாக்டரின் முகம் மலர்ந்தது. மனிதர் எத்தனையோ வருஷமாக உழைக்கிறார். இந்த மரியாதை கொஞ்சம் தாமதமாகத்தான் வந்திருக்கிறது. ஒன்றும் கேட்காமல் உள்ளே போய் டீ குடித்தார். தம்பி கதவுக்கு வெளியே நின்றான். பிறகு டாக்டர் வார்டைச் சுற்றக் கிளம்பினார். தம்பி இப்போது முன்னால் நடந்து, "வழி விடுங்க, வழி விடுங்க" என்று ஆட்களை ஒதுக்கினான். இப்படி ஒரு படையோடு போவது டாக்டருக்குப் பிடித்துவிட்டது. வழக்கமாக அவர் எட்டிப் பார்க்காத பெண்கள் வார்டின் கடைசிவரை போனார். எக்ஸ்ரே அறைக்குப் போனார். அங்கே அவருக்கு ஒரு வேலையும் இல்லை. வராண்டா வழியாக இந்த ஊர்வலம் போவதையும் வருவதையும் அக்கா படுத்த இடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பியின் நெற்றியில் வேர்வை. அவர் நீட்ட நீட்ட, அந்தக் கேட் அங்கே அநாதையாகக் கிடக்கிறதே!

அது கிடந்த லட்சணமும் ஜன்னல் வழியாகக் காதில் விழுந்தது. நிர்வாகியின் கார் வாசலில் நின்று ஹாரன் அடித்தது. மறுபடி அடித்தது. கடைசியில் கார்க் கதவு திறந்தது. "எங்கடா அவன்?" என்ற குரலோடு, வாழ்க்கையில் முதல்முறையாக நிர்வாகி தன் கையாலேயே கேட்டைத் தள்ளினார். அவருக்குப் பின்னால் வந்த ரொட்டி வண்டிக்காரர் அவரைக் காவலாளி என்று நினைத்து, "சீக்கிரம் தொறய்யா" என்று அதட்டினார்.

"இன்னிக்கு டாக்டர் வரமாட்டார் போலிருக்கு" என்றாள் பெரிய சிஸ்டர், தட்டைக் கை மாற்றிக்கொண்டு. "உன்னை வார்டுக்கே கொண்டுபோயிடலாமா?"

"இருங்க சிஸ்டர், வந்துடுவாரு" என்று அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மயக்க டாக்டரம்மா தியேட்டர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். டாக்டரையும், முன்னால் நடந்து வந்த காவலாளியையும், நெற்றி வேர்வையையும் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. "சார், நான் தயார். நீங்க வந்தா ஆரம்பிச்சுடலாம்" என்று சத்தமாகச் சொன்னாள். அவ்வளவு பேர் முன்னால் மறுக்க முடியாமல் டாக்டர் உள்ளே போனார். பச்சை உடை மாற்றினார். கைக்கடிகாரத்தைக் கழற்றினார். வராண்டாப் பக்கக் கண்ணாடிக்கு அந்தப்புறம்தான் கை கழுவும் தொட்டி. தம்பி கண்ணாடியில் மூக்கு நசுங்க ஒட்டிக்கொண்டு நின்றான். குழாயைத் திறந்தார். தண்ணீர் வந்தது. சோப்பை எடுத்தார்.

அப்போது அடித்தான் ஒரு விசில்.

அவன் பிறந்ததிலிருந்து அடித்த விசிலெல்லாம் அதற்கு ஒத்திகைதான். மூடிய வராண்டாவில் அது சுவருக்குச் சுவர் மோதித் திரும்பியது. உள்ளே பெரிய டாக்டரின் கையிலிருந்து சோப்பு எகிறிப் பறந்தது. எங்கோ ஒரு குழந்தை அழுதது. பெரிய சிஸ்டரின் கை மட்டும் அசராமல், பழகிய பழக்கத்தில், தட்டிலிருந்து ஊசியை எடுத்துக் குழாயில் செருகி மருந்தை ஏற்றத் தொடங்கியது. ஏற்றிக்கொண்டே, "வந்துட்டாரு" என்றாள் நிம்மதியாக.

"வந்துட்டாரு" என்றாள் அக்காவும். ஸ்ட்ரெச்சர் உள்ளே உருண்டது. முகமூடிக்குமேல் டாக்டரம்மாவின் கண் சிரித்துக்கொண்டிருந்தது. முதுகில் ஊசி போட்டு, நெஞ்சுக்குக் கீழே மரத்துப்போய், பச்சைத் துணி மூடி, கத்தி எடுத்தபோது கையில் ஏறிய மருந்தின் குளிர்ச்சியே அக்காவுக்கு இன்னும் மறக்கவில்லை.

தம்பிக்கு அன்றே மெமோ வந்தது. கேட்டைவிட்டுப் போனது ஒரு குற்றம். சத்தம் போடக்கூடாது என்று எழுதிப் போட்டிருக்கும் பலகைக்குக் கீழேயே நின்று விசில் அடித்தது இன்னொரு குற்றம். கமிட்டி கூடியது. டாக்டரம்மா மறுபடி எழுந்து, அன்றைக்கு ஊசி போட்ட நேரம்தான் இந்த வருஷத்திலேயே சரியான நேரம் என்றாள். பெரிய டாக்டர் இரண்டுங்கெட்டானாக விழித்தார். சரி என்றால் இத்தனை நாள் நடந்தது தவறு. தவறு என்றால் அவர் மாநாட்டில் பேசியது தவறு. நெடுநேரம் யோசித்து, "இதைத்தான் நான் ஆரம்பத்திலேருந்தே சொல்லிட்டு வர்றேன்" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

மருந்து தியேட்டருக்கு மாறியது. சாவி பெரிய சிஸ்டரின் இடுப்பிலேயே இருக்கட்டும் என்று, பூட்டு இல்லாத ஒரு தட்டில் வைத்தார்கள். ஊசி போடும் பொறுப்பு டாக்டரம்மாவுக்கு. நோயாளியைக் காக்க விசில் இனித் தேவையில்லை என்பதால் அதை அலுவலகத்தில் ஒப்படைக்குமாறு தம்பிக்கு உத்தரவு. அக்காவுக்காகச் செய்தான் என்று பெரிய டாக்டரே சொன்னதால் வேலை தப்பியது. தனக்குப் பாதுகாப்புக்கு வந்தவன் என்பதை அவர் மனசு இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை.

அக்காவின் காயம் காய்ந்த துணி மாதிரி இருந்தது. சீழும் இல்லை, காய்ச்சலும் இல்லை. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா, வலிக்கு மட்டும் மாத்திரை கொடுத்து, ஆன்டிபயாடிக் வேண்டாம் என்றாள். அக்கா சரி என்றாள். தம்பிதான் ஆகாயத்துக்கும் பூமிக்கும் குதித்தான்.

"எல்லாருக்கும் பத்து நாள் கொடுக்கிறீங்க, எங்க அக்காவுக்கு மட்டும் கிடையாதா? இளக்காரமா? நான் இங்க வேலை பாக்குறவன்!"

"டேய், அது எதுக்குடா? போட வேண்டியதை நேரத்துக்குப் போட்டாச்சு. போட வச்சதே நீதானே?"

"அதுக்காக? மரியாதைன்னு ஒண்ணு இல்லையா? வெறும் கையோட வீட்டுக்குப் போறதா?"

அக்காவின் கணவர் மைத்துனனின் தோளில் கை போட்டார். "மாப்ளே, வேணும்னா அந்த மாத்திரையை நீ வாங்கித் தின்னு. மரியாதையும் கெடாது, வயிறுதான் கெடும்."

பேக்கரிக்காரிக்கு அந்த வாரம் வலையை எடுத்தார்கள். அன்றைக்கு ஊசி தியேட்டரிலேயே போட்டார்கள். அக்கா தையல் பிரிக்கப் போனபோது அவளைப் பார்த்துவிட்டு வந்தாள். மெலிந்திருந்தாள், ஆனால் கட்டில் பக்கம் நாற்றம் இல்லை. விசில் அடித்தவன் யார் என்று அக்கா கடைசிவரை அவளிடம் சொல்லவில்லை. சொல்லத்தான் வாய்வரைக்கும் வந்தது.

மெஷினை மிதிக்கலாம் என்று டாக்டரம்மா அனுமதி கொடுத்த அன்று தம்பி சீருடையைக் கையில் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தான். முகம் தொங்கிப்போயிருந்தது.

"அந்தக் காதைப் பிரிச்சுடுக்கா. விசில் இல்லாம கயிறு மட்டும் எதுக்கு? பாக்கறவங்க சிரிக்கிறாங்க."

அக்கா சட்டையை வாங்கி, பிரிக்கிற ஊசியை எடுத்தாள். இரட்டைத் தையல், லேசில் வரவில்லை.

"இன்னிக்குப் பெரிய டாக்டர் கார் வந்துச்சு" என்றான். "கேட்டைத் திறந்துட்டுச் சும்மா நின்னேன். கார் நின்னுடுச்சு. கண்ணாடியை இறக்கி, 'என்னய்யா, விசில் எங்க?'ங்கிறாரு. மனுஷன் முகத்துல ஒரு ஏமாற்றம்."

"நீ என்ன சொன்ன?"

"'நீங்க எப்ப வந்தாலும் ஒண்ணுதான் சார், இனிமே குழாயைத் திறந்தாத்தான் கணக்கு'ன்னு சொன்னேன்."

அக்காவுக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஒட்டுப் போட்ட இடம் கொஞ்சம் இழுத்தது; ஆனால் நன்றாகத் தாங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, பாதி பிரித்த காதை மறுபடி மடித்து ஊசிக்கு அடியில் வைத்து, மெஷினை மிதித்தாள்.

"என்னக்கா பண்ற? பிரிக்கச் சொன்னா தைக்கிற?"

"வாயை மூடிக்கிட்டு உக்காருடா. இருக்கட்டும் அது."

அடுத்து அளவு கொடுக்க வந்த பெண்ணிடம், வாயில் குண்டூசியோடு அக்கா ஆரம்பித்தாள்: "எங்க தம்பி விசில் அடிக்கிறதை நிறுத்தினான் பாருங்க, அப்புறம்தான் அந்த ஆஸ்பத்திரியில புண்ணே ஆறுது."